பரணும் துப்பாக்கியும்: பழனி மலைச் சபைகளுக்கு ஓர் அறநெறி விளக்கம்

முன்னுரை

துப்பாக்கியைக் குறித்து இறையியல் இதழொன்றில் எழுத வேண்டிய தேவை யாது என வாசகர் சிலர் வினவக்கூடும். துப்பாக்கிக் கட்டுப்பாடு என்பது அமெரிக்கத் திருச்சபைகளைப் பிளவுபடுத்தும் பிரச்சினை. அதற்கும் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவருக்கும் தொடர்பில்லை என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. சமவெளி நகரங்களில் இவ்வெண்ணம் ஓரளவு பொருந்தலாம். ஆயினும் கொடைக்கானல், பண்ணைக்காடு, தாண்டிக்குடி, மன்னவனூர் போன்ற மலைப் பகுதிகளில் அருட்பணியாற்றும் ஆயர் எவரும் இதனை ஒப்புக்கொள்ள மாட்டார். விளைந்த தோட்டத்தில் இரவெல்லாம் பரணில் விழித்திருக்கும் விவசாயிக்கு, துப்பாக்கி தொலைநாட்டுச் செய்தியன்று. அது அன்றாட வாழ்வின் கேள்வி.

இக்கேள்விக்கு நம் சபைகளில் இருவகை விடைகள் கேட்கப்படுகின்றன. துப்பாக்கியைத் தொடுவதே பாவம் என்பார் ஒருசாரார். என் நிலம், என் பயிர், என் பாதுகாப்பு. இதில் திருச்சபைக்கு என்ன வேலை என்பார் மற்றொரு சாரார். முதல் விடை எளியவரின் இழப்பைக் காண மறுக்கிறது. இரண்டாம் விடை அயலாரின் உயிரைக் காண மறுக்கிறது. இவ்விரண்டிற்கும் அப்பால், திருமறையின் ஒளியில் ஒரு நெறியைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மலையின் இன்றைய நிலை

பழனி மலையின் மேற்பகுதிகளில் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், மலைப்பூண்டு ஆகியனவும், கீழ்ப்பகுதிகளில் காபி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு ஆகியனவும் பயிராகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இப்பயிர்களை நம்பி வாழ்வோரில் பெரும்பாலார் சிறு நிலமுடையவர், குத்தகைக்காரர், கூலியாட்கள் ஆகியோரே.

இத்தோட்டங்களை ஒட்டியே காடு. 2013ஆம் ஆண்டில் ஏறத்தாழ 600 சதுர கிலோமீட்டர் பரப்பு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காட்டுமாடுகள் கொடைக்கானல் நகரத் தெருக்களிலேயே நடமாடுவதை நாம் அறிவோம். காட்டுப்பன்றி கிழங்குத் தோட்டத்தை ஓரிரவில் உழுதுபோட்டுச் செல்லும். கீழ்மலையில் யானைகள் வாழையை முறித்துப்போடும். புல்வெளிகள் சீகை, யூக்கலிப்டஸ், பைன் மரக்காடுகளாக மாற்றப்பட்டமையும், காட்டோரங்களில் கட்டடங்கள் பெருகினமையும் விலங்குகளின் மேய்ச்சலிடத்தைச் சுருக்கிவிட்டன. ஆகவே தோட்டத்திற்குள் நுழையும் விலங்கை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டு நாம் விலகி நிற்க இயலாது.

பயிர் காக்க மலைமக்கள் தகரம் தட்டுவர், தீ மூட்டுவர், பட்டாசு வெடிப்பர். இவை பயனற்றுப்போகும்போது சிலர் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கியை நாடுகின்றனர். கருமருந்தைக் குழாயில் இடித்து, பால்ரஸ் குண்டுகளை இட்டுச் சுடும் இத்துப்பாக்கி, சுடப்படும் விலங்குக்கு மட்டுமன்றிச் சுடுகிறவருக்கும் கேடானது. தரமற்ற குழாய் வெடிப்பின் கை போகும், கண் போகும். இருளில் புதர் அசையக் கண்டு விலங்கென எண்ணிச் சுட, வீழ்ந்தவர் மனிதர் என்னும் துயரச் செய்தி மலை மாவட்டங்களிலிருந்து அவ்வப்போது வருகிறது. வேறு சிலர் அவுட்டுக்காய் எனப்படும் வெடியை உணவில் மறைத்து வைக்கின்றனர். சிலர் வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுகின்றனர். துப்பாக்கி ஒன்றை மட்டும் அகற்றிவிட்டால் வன்முறை அகன்றுவிடும் என்று எண்ணுதல் பிழை என்பதை இவை உணர்த்துகின்றன.

மற்றொன்றையும் நாம் கருத்தில் கொள்ள வேண்டும். பரணில் படுத்திருப்பவர் எப்போதும் நிலத்தின் உரிமையாளர் அல்லர். பல தோட்டங்களில் அவர் கூலிக்கு அமர்த்தப்பட்ட காவற்காரர்; நிலமற்றவர். விலங்கு தாக்கினால் மடிகிறவர் அவர். சட்டம் பிடித்தால் சிறை செல்கிறவரும் அவரே. துப்பாக்கியைப் பற்றிய கேள்வி இம்மலையில் வர்க்கத்தைப் பற்றிய கேள்வியுமாம்.

2. துப்பாக்கி இம்மலையில் கண்ட வரலாறு

1845ஆம் ஆண்டில் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த அருட்பணியாளர், சமவெளியின் காய்ச்சலுக்கும் வெப்பத்திற்கும் தப்பக் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். ஏரியைத் தோற்றுவித்தவர் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் துரை, ஆண்டு 1863. அதிகாரிகளும் தோட்டக்காரரும் மட்டுமன்றி, மிஷன் குடும்பத்தாருள் சிலரும் இம்மலைகளில் வேட்டையாடினர். வேட்டையை ஒழுங்குபடுத்தச் சங்கமும் அமைக்கப்பட்டது. வரையாடு அவர்களுடைய சிறப்பான வேட்டைப் பொருளாயிற்று. இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்காக விளங்கும் அவ்வரையாட்டைக் காக்க 2022ஆம் ஆண்டில் அரசு தனித் திட்டமொன்றை அறிவிக்க வேண்டியதாயிற்று. நற்செய்தியைச் சுமந்துவந்த சமூகமே துப்பாக்கியையும் பொழுதுபோக்காகச் சுமந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை. அக்காலத்தில் அதனை விசுவாசத்திற்கு முரணாக எவரும் கருதவில்லை என்பதே நமக்குப் பாடமாகும். நம் காலத்தில் நாம் இயல்பெனக் கருதுபவற்றையும் நம் பிள்ளைகள் சோதித்துப் பார்ப்பர்.

அதே காலத்தில் இந்தியருக்குத் துப்பாக்கி மறுக்கப்பட்டது. லிட்டன் பிரபுவின் ஆட்சியில் 1878ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் இந்தியரை உரிமம் கேட்க வைத்து, ஐரோப்பியருக்கு விலக்களித்தன. காந்தியடிகள் 1918ஆம் ஆண்டில் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் சேர்த்தபோது வெளியிட்ட அறிக்கையில், ஒரு நாட்டையே ஆயுதமிழக்கச் செய்த இச்சட்டத்தை அந்நிய ஆட்சியின் மிகக் கரிய செயலாகக் குறிப்பிட்டார். துப்பாக்கி உரிமையை ஆதரிப்போர் இன்று இதனை அடிக்கடி மேற்கோள் காட்டுகின்றனர். ஆயின் அவர் கண்டித்தது ஓரினத்தாரிடம் ஆயுதத்தைப் பறித்து, மற்றோரினத்தாரிடம் அதனை விட்டுவைத்த அநீதியை. அதே காந்தியடிகள் தம் வாழ்நாள் முழுவதும் ஆயுதமற்ற வலிமையையே போதித்தார்.

இதற்கு ஒத்த நிகழ்வு திருமறையிலும் உண்டு. பெலிஸ்தியர் இஸ்ரவேல் நாட்டில் கொல்லன் இல்லாதபடி செய்தனர். கலப்பையின் கொழுவைத் தீட்டவும் இஸ்ரவேலர் பகைவரிடமே செல்ல வேண்டியிருந்தது (1 சாமுவேல் 13:19-22). ஆயுதக் கட்டுப்பாடு எதுவாயினும் அது யார் கையிலிருந்து எடுக்கிறது, யார் கையில் விடுகிறது என்று கேட்க இப்பகுதி நமக்குக் கற்பிக்கிறது.

3. நாட்டின் சட்டம் கூறுவது

விடுதலைக்குப்பின் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பழைய சட்டத்திற்கு மாற்றாக வந்தது. இச்சட்டத்தின்படி துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் பிறப்புரிமையன்று; உரிமத்தின்பேரில் அளிக்கப்படும் சலுகை. எனினும் சட்டம் விவசாயியை மறக்கவில்லை. உண்மையான பயிர்ப் பாதுகாப்பிற்காக, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க அதன் 13ஆம் பிரிவு தனியே இடமளிக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமமின்றி வைத்திருப்போருக்குக் குறைந்தது இரண்டாண்டுச் சிறைத்தண்டனையும் விதித்தது. விழாக்களில் வானை நோக்கிச் சுடுவதையும் அது குற்றமாக்கியது.

விலக்குகளும் உண்டு. அண்டை மாநிலமான கர்நாடகத்தின் குடகு மக்களுக்கு மரபு கருதி ஆங்கிலேயர் காலத்திலிருந்தே அளிக்கப்பட்ட உரிம விலக்கை, மைய அரசு 2019ஆம் ஆண்டில் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. கட்டுப்பாடு என்பது எல்லாவிடத்தும் ஒரே அச்சில் வார்க்கப்படுவதன்று என்பது இதனால் விளங்கும்.

கொடைக்கானல் பகுதியாருக்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்து பொருந்துகிறது. சரணாலயத்திலும் அதனைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் தொலைவிற்குள்ளும் வாழும் துப்பாக்கி உரிமதாரர் தம் பெயரைத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவருடைய முன் இசைவின்றி அவ்வட்டத்தினுள் புதிய உரிமம் வழங்கலாகாது. சரணாலயத்தினுள் அனுமதியின்றி ஆயுதத்துடன் நுழைதலும் குற்றமே. காட்டுமாடு முதலாம் அட்டவணையில் உள்ளது. பயிரை அழித்தது என்னும் காரணத்திற்காக அதனைக் கொல்லச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் தன்னுயிரையோ பிறருயிரையோ காக்க நன்னோக்குடன் விலங்கைக் கொன்றவரைச் சட்டம் குற்றவாளியாக்குவதில்லை.

காட்டுப்பன்றியின் நிலை வேறு. கேரள அரசு 2022ஆம் ஆண்டில், தொல்லை தரும் காட்டுப்பன்றிகளைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்து, உரிமம் பெற்ற துப்பாக்கியாளரைப் பயன்படுத்த வழிசெய்தது. தமிழ்நாடு அரசு 2025ஆம் ஆண்டு ஜனவரியில் வேறொரு நெறியை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடுதல் இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடப்படும். அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடுவர். துப்பாக்கியைக் குடிமக்கள் கையில் கொடாது அரசின் கையிலேயே வைத்துக்கொள்வது இந்நெறி. இதன் விளைவாக, காட்டை ஒட்டி ஒரு கிலோமீட்டருக்குள் நிலம் வைத்திருக்கும் மலை விவசாயிக்கு இவ்வறிவிப்பால் பெரும்பயன் இல்லை என்பதையும் நாம் நேர்மையோடு குறிப்பிட வேண்டும்.

4. திருமறையின் சாட்சி

துப்பாக்கியைத் திருமறை அறியாது. ஆயினும் ஆயுதத்தையும், பயிரையும், கொடிய விலங்கையும், கவனக்குறைவால் நேரும் மரணத்தையும் அது நன்கறியும்.

முதலாவதாக, பயிர் இழந்தவரின் துயரத்தைத் திருமறை அற்பமாக எண்ணவில்லை. எண்பதாம் சங்கீதத்தில், தன் தேசத்தின் அழிவைப் பாட வந்த பக்தன், வேலி தகர்க்கப்பட்ட திராட்சைத் தோட்டத்தில் காட்டுப்பன்றி புகுந்து பாழாக்கும் காட்சியையே தேர்ந்துகொள்கிறான் (சங்கீதம் 80:12,13). அக்காட்சியை விளக்க நம் மலைமக்களுக்குப் பிரசங்கி தேவையில்லை. தாவீது தன் மந்தையைச் சிங்கத்திடமிருந்தும் கரடியிடமிருந்தும் காத்தது பாவமாகச் சொல்லப்படவில்லை (1 சாமுவேல் 17:34-36). ஆகவே தன் உழைப்பின் பலனைக் காக்க விழையும் விவசாயியைக் கொலைவெறியனெனப் பேசுதல் தகாது.

இரண்டாவதாக, தற்காப்பிற்கும் எல்லையுண்டு என்று நியாயப்பிரமாணம் கூறுகிறது. இரவில் கன்னமிடுகிற திருடன் அடிபட்டு இறந்தால் இரத்தப்பழி இல்லை. சூரியன் உதித்தபின் கொன்றால் பழி உண்டு (யாத்திராகமம் 22:2,3). இருளில் உயிருக்கு ஆபத்து உண்டா என அறிய வழியில்லை, பகலில் உண்டு. பொருளைக் காப்பதற்காக மனித உயிரை எடுக்க இவ்விதி இடந்தரவில்லை. நம் தோட்டத்தில் காய் திருட வந்தவரை நோக்கித் துப்பாக்கியை உயர்த்துவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

மூன்றாவதாக, கேடு விளைவிக்கக்கூடிய பொருளை உடையவர் அக்கேட்டிற்குப் பொறுப்பாளி. முட்டும் மாடென்று எச்சரிக்கப்பட்டும் அதனைக் கட்டி வைக்காதவன், அது கொன்ற உயிருக்குப் பொறுப்பேற்கிறான் (யாத்திராகமம் 21:29). குழியைத் திறந்து மூடாமற் போனவன், அதில் விழுந்த மிருகத்திற்கு ஈடு செய்கிறான் (யாத்திராகமம் 21:33,34). புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும். இல்லையேல் விழுந்தவரின் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் (உபாகமம் 22:8). வீடு கட்டாதே என்று இச்சட்டம் சொல்லவில்லை. சுவரின்றிக் கட்டாதே என்கிறது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டிற்குத் திருமறையில் இதனினும் தெளிவான அடிப்படையை நாம் தேட வேண்டியதில்லை. உரிமம், பதிவு, பூட்டு, பயிற்சி ஆகிய யாவும் கைப்பிடிச்சுவர்களே. இவற்றை அரசின் தொல்லையென வெறுக்கும் கிறிஸ்தவர், அயலாரின் உயிரைக் காக்கும் அன்பின் பிரமாணத்தையே வெறுக்கிறார்.

நான்காவதாக, அறியாமல் நேர்ந்த மரணத்தையும் திருமறை எளிதாக விட்டுவிடவில்லை. காட்டில் மரம் வெட்டுகையில் கோடரி காம்பைவிட்டுக் கழன்று தோழனைக் கொன்றால், வெட்டியவன் அடைக்கலப் பட்டணத்திற்கு ஓடிப் பிழைக்கலாம் (உபாகமம் 19:5). அவன் கொலைகாரனல்லன், எனினும் அவன் வாழ்வு முன்போலிராது. விலங்கெனக் கருதி மனிதனைச் சுட்டவரின் நிலையும் இதுவே. அவருக்கு அடைக்கலமளிக்கும் கடமையும், இறந்தவரின் குடும்பத்தைத் தாங்கும் கடமையும் ஒருங்கே சபைக்கு உண்டு. சடலத்தை மறைத்து உண்மையைப் புதைக்க ஊரார் முயலும்போது, சபை அதற்கு உடன்படலாகாது.

5. இரண்டு பட்டயங்கள்

கடைசி இராப்போசனத்தின்பின் ஆண்டவர் சீடரை நோக்கி, பட்டயமில்லாதவன் வஸ்திரத்தை விற்றாவது ஒன்றை வாங்கும்படி கூறியதும், சீடர் இரண்டு பட்டயங்களைக் காட்டியதும் லூக்கா 22:35-38இல் உள்ளன. ஆயுதம் வைத்திருப்பதை ஆதரிக்கும் கிறிஸ்தவர் இதனையே பெரிதும் சார்ந்து நிற்கின்றனர். ஆனால் இப்பகுதியை அதன் தொடர்ச்சியோடு படிக்க வேண்டும். தாம் அக்கிரமக்காரரோடு எண்ணப்படும் வேளை வந்தது என்று அவரே காரணம் கூறுகிறார். பதினொருவருக்கு இரண்டு பட்டயம் எந்தப் போருக்கும் போதாது. எனினும் போதும் என்கிறார். சில மணி நேரத்திற்குள் அவற்றுள் ஒன்று பயன்பட்டபோது அவர் தடுத்து, வெட்டுண்டவனின் காதைத் தொட்டுக் குணமாக்குகிறார் (லூக்கா 22:49-51). பட்டயத்தை எடுப்போர் அதனாலேயே மடிவர் என்னும் எச்சரிக்கையை மத்தேயு சேர்த்துத் தருகிறார் (மத்தேயு 26:52). சீடனின் ஆயுதம் உண்டாக்கிய காயத்தை ஆற்றுவதே பிடிபடும் முன் ஆண்டவர் செய்த கடைசி அற்புதம் என்பதை நாம் மறக்கலாகாது.

திருச்சபை இதனை இருவிதமாகப் பொருள்கொண்டது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெர்த்துல்லியன், பேதுருவை ஆயுதமிழக்கச் செய்ததனால் ஆண்டவர் எல்லாப் போர்வீரரையும் ஆயுதமிழக்கச் செய்தார் என்று வாதித்தார். அகுஸ்தீன், பொதுப் பொறுப்பிலுள்ளோர் பிறரைக் காக்க ஆயுதமேந்தலாம் என்றார். ஆனால் தனி மனிதர் தம்மைக் காக்கப் பிறரைக் கொல்வதை அவர் ஏற்கவில்லை. அக்குவினா தோமா, கொல்லும் நோக்கமின்றித் தேவையான அளவே வலிமையைப் பயன்படுத்தும் தற்காப்பு ஆகும் என்றார். லூத்தர் 1523ஆம் ஆண்டில் எழுதிய நூலில், கிறிஸ்தவன் தனக்காகப் பட்டயத்தை ஏந்தான், அயலானின் நலனுக்காக ஏந்தலாம் என்று பிரித்துக் காட்டினார். மென்னோ சைமன்ஸ் வழிவந்தோர் எந்த நோக்கத்திற்காகவும் ஏந்துவதில்லை.

இவ்வாசிரியர்கள் தம்முள் வேறுபட்டாலும் ஒன்றில் ஒத்துள்ளனர். ஆயுதம் கிறிஸ்தவனின் உரிமை என்று அவர்களுள் எவரும் போதிக்கவில்லை. அது தடுக்கப்பட்டது, அல்லது அயலானுக்காக அஞ்சி நடுங்கிச் சுமக்கப்படும் பொறுப்பு. உரிமை என்னும் சொல்லை விடுத்துப் பொறுப்பு என்னும் சொல்லை நாம் கைக்கொள்ளுவோமாயின் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

6. பிறநாட்டுத் திருச்சபைகள் தரும் பாடம்

அமெரிக்காவில் துப்பாக்கி, 1791ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தத்தால் உரிமையாயிற்று. பல கிறிஸ்தவருக்கு அது விசுவாசத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. ஆனால் 2015ஆம் ஆண்டில் சார்ல்ஸ்டன் நகர ஆலயத்தில் வேதபாடத்தில் அமர்ந்திருந்த ஒன்பது பேர் சுடப்பட்டு மடிந்தனர். 2019ஆம் ஆண்டு டிசம்பரில் டெக்சாஸ் மாநில ஆலயமொன்றில் சுடத் தொடங்கியவனைச் சபையார் ஒருவரே சுட்டு வீழ்த்தினார். முந்தைய நிகழ்ச்சி கட்டுப்பாட்டிற்கும், பிந்தையது துப்பாக்கிக்கும் ஆதாரமாகக் காட்டப்படுகின்றன. நிகழ்ச்சிகளைக் கொண்டு மட்டும் அறநெறி அமைக்க இயலாது என்பதற்கு இதுவே சான்று.

மார்ட்டின் லூத்தர் கிங் வாழ்க்கையும் கவனிக்கத்தக்கது. 1956ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் வீட்டின்மீது வெடிகுண்டு வீசப்பட்டபின், அவர் துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பித்தார், அது மறுக்கப்பட்டது. நாளடைவில் வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பதையே அவர் விட்டொழித்தார். அச்சம் நீங்கியதால் அவர் அதனை விடவில்லை. தாம் நடத்தும் அறப்போராட்டத்திற்கும் அதற்கும் பொருத்தமில்லை எனக் கண்டார்.

ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாட்டில் நீண்ட உள்நாட்டுப் போர் ஓய்ந்தபின், அந்நாட்டுக் கிறிஸ்தவ ஐக்கியம் பேராயர் தினிஸ் செங்குலானே தலைமையில் 1995ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைப்போருக்கு மண்வெட்டி, மிதிவண்டி, தையல் இயந்திரம் போன்ற வாழ்வுக் கருவிகள் கொடுக்கப்பட்டன. ஆயுதத்தைக் கேட்டு வாங்கிய சபை வெறுங்கையோடு அவரை அனுப்பவில்லை. இம்முறையே நம் மலைக்கு மிகவும் பொருந்துவதாகும்.

7. மீகா காட்டும் வழி

பட்டயங்கள் மண்வெட்டிகளாகும் காலத்தை ஏசாயாவும் மீகாவும் ஏறத்தாழ ஒரே வகையில் அறிவிக்கின்றனர் (ஏசாயா 2:4, மீகா 4:3). இதற்கு நேர்மாறாக, மண்வெட்டிகளைப் பட்டயமாக்கும்படி யோவேல் அழைப்பதும் உண்டு (யோவேல் 3:10). ஆகவே ஒரு வசனத்தை எடுத்து வீசி வழக்கை முடிக்க இயலாது. மீகாவோ ஏசாயா சொல்லாத ஒன்றைச் சேர்க்கிறார். அவனவன் தன் திராட்சைச்செடியின் நிழலிலும் அத்திமரத்தின் நிழலிலும் அச்சமின்றி அமர்வான் என்கிறார் (மீகா 4:4). மீகா ஒரு சிற்றூர்க்காரர். ஆயுதத்தைக் கைவிடுதலும் விவசாயி தன் தோட்டத்தில் அச்சமின்றி அமர்தலும் ஒரே வாக்குறுதியின் இரு பாகங்கள் என்று அவர் கண்டார். முதற்பாகத்தை மட்டும் பிரசங்கித்து இரண்டாம் பாகத்தை மறக்கும் சபை, அரை நற்செய்தியையே அறிவிக்கிறது.

இதனடிப்படையில் மலைச் சபைகளின் சிந்தனைக்குச் சிலவற்றை முன்வைக்கிறோம்.

ஒன்று: உரிமமற்ற துப்பாக்கி வைத்திருக்கும் விசுவாசிகள் அதனை ஒப்படைக்கும்படி சபை வெளிப்படையாகப் போதிக்க வேண்டும். தாமாக முன்வந்து ஒப்படைப்போர்மீது வழக்கில்லை எனக் காவல்துறையினர் பல மலை மாவட்டங்களில் அறிவித்ததுண்டு. அத்தகைய வேளையில் ஆயரும் மூப்பரும் இடைநின்று, அச்சத்தால் தயங்கும் எளியவருக்குத் துணையாகச் செல்லலாம். அறிவிப்பு இல்லாத வேளையில், வழக்கறிஞர் ஒருவரின் ஆலோசனையோடு இதனைச் செய்தல் நன்று.

இரண்டு: உரிமம் பெற்றோர் அதன் நிபந்தனைகளை மனச்சாட்சியோடு காக்க வேண்டும். துப்பாக்கியைப் பூட்டி வைத்தல், குண்டுகளை வேறிடத்தில் வைத்தல், மதுவருந்தியோர் கையிலும் சிறுவர் கையிலும் கொடாதிருத்தல் ஆகியன கைப்பிடிச்சுவரின் கற்கள். துப்பாக்கியுள்ள வீட்டில் மனம் சோர்ந்த ஒருவரின் கண நேரத் துயரம் மீளா முடிவாகிவிடும் என்பதை மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன. இல்லங்களைச் சந்திக்கும் ஆயர் இதனைக் கேட்கத் தயங்கலாகாது.

மூன்று: உரிமம் நிலவுடையவர் பெயரிலும், ஆபத்து கூலிக்காரர் தலையிலும் இருக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். உரிமத்தில் இடம்பெறாதவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்துக் காவலுக்கு அனுப்புதல் சட்ட மீறல் மட்டுமன்று. ஏழையின் உயிரைப் பணயம் வைத்தலாகும்.

நான்கு: தேர்தல் காலத்தில் உரிமத் துப்பாக்கிகள் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்படுவது வழக்கம். விளைச்சல் காலத்தில் இவ்வாறு நேரின் விவசாயிக்கு இழப்பாகலாம். அதற்காக முறைப்படி விலக்குக் கேட்பது நேர்மை. ஒளித்து வைப்பது நேர்மையன்று.

ஐந்து: இதுவே தலையாயது. சபை, விலங்கால் பயிரிழந்தோருக்காக வாதாட வேண்டும். நிவாரண மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுத்தல், வனத்துறையினரிடம் அழைத்துச் செல்லுதல், சூரிய மின்வேலிக்கும் அகழிக்கும் ஊர் முழுவதும் சேர்ந்து விண்ணப்பிக்கத் தூண்டுதல், காவலுக்கு முறைவைத்துப் பலர் கூடிச் செல்ல ஏற்பாடு செய்தல் ஆகியன சபையின் ஊழியமே. அறுப்பின் ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கை ஏற்கும் சபை, அறுப்பில்லாது போனவரின் வீட்டிற்கும் அவ்வாரமே செல்லக் கடமைப்பட்டது. அவுட்டுக்காயும் திருட்டு மின்வேலியும் துப்பாக்கியைப் போன்றே பாவம் என்று பிரசங்கிக்கும் துணிவும், அவற்றை நாடியவரின் வறுமையைக் கேட்டறியும் பொறுமையும் நமக்குத் தேவை.

முடிவுரை

துப்பாக்கியைப் பற்றி விசுவாசியிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி, வைத்திருக்க உமக்கு உரிமை உண்டா என்பதன்று. உம் அயலான் உம்மால் அச்சமின்றி வாழ்கிறானா என்பதே. அரசின் சட்டம் இக்கேள்வியின் ஒரு பாகத்திற்கு மட்டுமே விடை தரும். மறுபாகம் சபையின் தோள்மேல் உள்ளது. பரணில் தனித்து விழித்திருக்கும் சகோதரரிடம் ஆயுதத்தைக் கீழே வை என்று சொல்ல நமக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அவ்விரவில் அவருடைய காவலையும் இழப்பையும் பகிர்ந்துகொள்ளும் சபையே அதனை முகங்கோணாமற் சொல்ல முடியும். அத்தகைய சபைகளாக நம் மலைச் சபைகள் விளங்கச் சமாதானத்தின் தேவன் அருள்புரிவாராக.